ஹால் நடுவே ஒரு பாயிண்ட்

"வீடு முழுக்க தாங்குற ஜெனரேட்டர் வேணும் மக்கா. கனடாவுல உள்ள மவன் வந்து சேருறது வரைக்கும் கரண்டு போவப்பிடாது," என்றார் யோவான்.

பாறசாலையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அஜேஷ் எவ்வளவு கரண்ட் லோடு வரும் என்று கணக்குப் பார்த்தான். "ஏசி எந்த ரூம்ல மாமா?"

"ஏசி ஒண்ணும் வேண்டாம். ஹால் நடுவுல ஒரு பிளக் பாயிண்ட் போடு."

அங்கிருந்த சோபாவை ஏற்கெனவே நகர்த்தியிருந்தார்கள்.

"அங்க ஃப்ரிட்ஜா வைக்கப் போறிய?"

"பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டியாக்கும். அவன் வந்து சேர நாலு நாளாவும்."

அஜேஷின் கையிலிருந்த டெஸ்டர் விழுந்தது. "யாரு மாமா செத்தது?"

"இதுவரை யாரும் சாவல்ல. எங்க ரெண்டு பேருல யாரு முந்தினாலும் வேணுமில்லியா?"

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சாராம்மா, டம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டு, ஹால் நடுவே தரையில் நீண்டு படுத்துச் சொன்னாள்:

"வயரு தலைமாட்டுல வரட்டு மக்கா. கால்மாட்டுல போட்டா ஜெபிக்க வாற ஆளுவ தடுக்கி விழுவாவ."