மூன்றாவது லைன்

மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்த கொன்ராட் உடனே எடுத்துக்கொண்டான். சுட்டது.

பள்ளிக்கூடம் முழுக்கச் சுனாமி அகதிகள். கிணற்றடியில் இருப்பது இந்த ஒரு மோட்டார்தான். மூன்று மின்சார லைனில் ஓட வேண்டியது, நேற்றிலிருந்து இரண்டில் ஓடுகிறது.

ஜெனரேட்டரில் ஒரு லைன் செத்துப்போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். ஒன்று போனால் இந்த மாதிரி மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. கொன்ராட் ஒரு கண்டென்சரைக் குறுக்கே கட்டி, வால்வைப் பாதி மூடிப் பாரத்தைக் குறைத்து, அதைச் சுற்ற வைத்துவிட்டான்.

தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வந்ததே பெரிய காரியம் என்று முகாமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அந்தப் புகழ்ச்சிதான் அவனைத் தின்றது.

வரிசை வாசல்வரைக்கும் நின்றது. கடைசியில் நிற்பவர்களுக்குக் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். மோட்டார் நாளைவரைக்கும் தாங்குமா என்பதுதான் தெரியாது. எரிந்தால் ஒருவருக்கும் தண்ணீர் இல்லை.

முன்னால் ஏதோ முணுமுணுப்பு. நாவலடியிலிருந்து வந்த இராசாத்தி ஏற்கெனவே ஒரு குடம் பிடித்துவிட்டு, மறுபடியும் வந்து நின்றாளாம்.

லைன் சாகவில்லை. அவனேதான் கழற்றினான்.

கழற்றிய வயரை மதிலுக்கு மேலால் எடுத்து, பக்கத்து வளவில் சரீப் முதலாளியின் மீன் ஐஸ் அறைக்குக் கொடுத்திருந்தான். முழு மோட்டாரையும் ஐஸ் அறையையும் சேர்த்து இழுக்க அந்தச் சின்ன ஜெனரேட்டரால் முடியாது. மீன் வாங்க இப்போது ஆளில்லை. சரீப் அறையைக் கழுவித் துடைத்துத் திறப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே றோகான் கிடக்கிறான். கொன்ராட்டின் ஒரே மகன். டச்பார் கரையில், தாழம்புதருக்குள் உடலாகக் கிடைத்தவன். அவன் மனைவி ஜொய்ஸ் குவைத்திலிருந்து நாளை பின்னேரம்தான் வந்துசேருவாள். பிள்ளையின் முகத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று மட்டும்தான் தொலைபேசியில் கேட்டாள்.

செத்த பிள்ளைக்காக, உயிரோடிருக்கிற பிள்ளைகளின் தண்ணீரைத் திருடுகிறாயே என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டான். ஏசிக்கொண்டே வயரை அப்படியே விட்டுவைத்தான்.

இராசாத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே அவனிடம் வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

"நாளைக்கு லைன் சரியாகிரும் அக்கா," என்றான்.

மதிலுக்கு மேலால் போகும் வயரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்படாதீங்க தம்பி. இந்தக் குடத்த ஐஸ் ரூம் வாசல்ல வைக்கிறன். என்ட ரெண்டையும் கழுவாமத்தான் குழிக்குள்ள இறக்கினாங்க. உங்கட பிள்ளைய, தாய் வந்து கழுவட்டும்."