தீவில் இருவர்

விக்டோரியா ஏரியின் அச்சிறு தீவில் அவோர் அம்மையார் மட்டுமே வசிக்கிறார். கணக்கெடுப்பு இரவில் அங்கு உறங்கியவர் ஒருவர் என்று பதிந்து, கதவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டவன் நானே. அவருடைய கணவர் ஒக்கேலோ ஏழாண்டுகளுக்கு முன், முப்பத்துநான்கு வயதில், ஏரியில் மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை.

மாவட்ட விவரக்குறிப்பு அச்சாகி வந்தது. அத்தீவின் மக்கள்தொகை இரண்டு: மீன் உலர்த்தும் பெண் ஒருவர், மீன் பிடிக்கும் ஆண் ஒருவர், வயது நாற்பத்தொன்று.

அந்த அச்சுப் பிரதியுடன் அவரிடம் மன்னிப்புக் கோரச் சென்றேன்.

“தப்பாயிடுச்சுக்கா. திருத்தச் சொல்லிடறேன்.”

“சும்மா இரு தம்பி. போலீஸ் தேடியும் கிடைக்காத ஆளு, உங்க ஆபீஸ்காரங்க கண்ணுலயாவது பட்டாரே!”

பிறகு அந்த வரியின்மீது விரலை வைத்தார்.

“நாப்பத்தொண்ணா? அப்போ அவருக்கும் நரைச்சிருக்குமே.”