பறந்து போன மேலாளர்

முதல் ஸ்லைடிலேயே மேலாளர் சலேஹா பம்பரம்போல் இரண்டு சுற்றுச் சுற்றி, திரையை விட்டு வெளியே பறந்து போனார்.

மடிக்கணினியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மோகனராஜுக்கு வியர்த்துவிட்டது.

இரண்டாவது ஸ்லைடு, தீபாவளி விருந்து. ஜப்பான் விருந்தாளி பந்துபோல் துள்ளித் துள்ளிக் காணாமல் போனார். கணக்குப் பிரிவுத் தலைவர் சன்னல் திரை மாதிரி சுருண்டு மேலே ஏறிக்கொண்டார். பிறகு, படத்தின் ஏதோ ஒரு மூலை தானாகப் பெரிதாகத் தொடங்கியது.

அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நிறுத்திவிட்டு சுபாஷினிக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா இருக்க?"

"ஜெலுத்தோங் ரோட்டுல டிராஃபிக் ஜாம், அண்ணே. கேக் மடியில இருக்கு. மூணு மணிக்குள்ள வந்திடுவேன்."

"கேக்கை விடு. நீ பண்ணி வச்சிருக்கிற ஸ்லைடு ஷோவைப் பார்த்தேன். மேடம் பறக்கிறாங்க!"

"ஆமாண்ணே, பறக்கணும்."

"பறக்கணுமா? போன மாசம் என் கிளாஸ்ல முன் வரிசையில உக்காந்து நோட்ஸ் எடுத்தது நீதானே?"

பாயான் பாரு தொழிற்சாலையில் மோகனராஜ் பயிற்சி அதிகாரி. பவர்பாயிண்ட் வகுப்பும் அவருடையதுதான். படம் மெதுவாகத் தோன்றலாம், மெதுவாக மறையலாம். சுற்றுவது, துள்ளுவது, பறப்பது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இதை அவர் மூன்று மணி நேரம் விளக்கியிருந்தார்.

"அண்ணே, கடைசி வரைக்கும் பாருங்க, அப்புறம்..."

"கடைசி வரைக்கும் பார்த்தா எனக்கு வேலை போயிடும்லா. நான் சரி பண்ணிடறேன்."

"ஐயோ, தொடாதீங்க அண்ணே!"

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று நவமணி அக்காவுக்குப் பிரியாவிடை. இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிற்சாலையின் கூட்டங்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தவர். மேடையில் அவருக்கென்று இருந்தது ஐந்து நிமிடம், அந்த ஸ்லைடு ஷோ மட்டுமே. அது கோமாளிக் கூத்தாகிவிடக் கூடாது என்பதுதான் மோகனராஜின் கவலை.

நாற்பது ஸ்லைடுகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். அசைவு அத்தனையும் நீக்கினார். படங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. இருக்காதா பின்னே, எல்லாம் அவர் எடுத்தவை. கம்பெனி விழா எதுவானாலும் கேமரா அவர் கையில்தான்.

மூன்று மணிக்கு கேண்டீன் நிரம்பியது. முன் நாற்காலியில் நவமணி அக்கா புதுச் சேலையில் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சலேஹா மேடம்.

விளக்கை அணைத்தார்கள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைதியாக வந்து அமைதியாகப் போயின. சலேஹா மேடம் ரிப்பன் வெட்டினார். ஜப்பான் விருந்தாளி முறுக்கு கடித்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் கோப்பை வாங்கினார்.

பதினைந்தாவது படத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், இன்னிக்கு யாருக்குடா பிரியாவிடை? மேடத்துக்கா?"

சிரிப்பு கிளம்பியது. சலேஹா மேடம் திரும்பி மோகனராஜைப் பார்த்தார்.

"என்ன மோகன், அக்கா ஒரு படத்துலயும் இல்லையே?"

மோகனராஜ் வாய் திறப்பதற்குள், கேக் பெட்டியோடு ஓடி வந்தாள் சுபாஷினி. பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, தன் பென்டிரைவை மடிக்கணினியில் செருகினாள்.

"மேடம், ரெண்டு நிமிஷம். மன்னிச்சுக்குங்க, நீங்க கொஞ்சம் பறப்பீங்க."

மேடம் பறந்தார். கேண்டீனே அதிர்ந்தது. மேடமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் போனபின், ஓரத்து மூலை ஒன்று மெல்லப் பெரிதானது. தேநீர்த் தட்டைப் பிடித்த ஒரு கை. கையில் இரண்டு பச்சை வளையல்.

அடுத்த படத்தில் ஜப்பான் விருந்தாளி துள்ளிப் போனார். மூலை பெரிதானது. ஒரு தோளும் கொஞ்சம் கொண்டையும்.

அதற்கடுத்த படம். தூணுக்குப் பின்னால் அரை முகம். புன்னகையிலும் பாதி.

சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்பது படத்திலும் பெரிய மனிதர்கள் சுற்றி, துள்ளி, சுருண்டு வழிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் நவமணி அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தார். யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் நான் இருந்திருக்கேனா, பாப்பா?"

"எல்லாத்துலயும் இருந்தீங்க அக்கா. தேடத்தான் ஒரு வாரம் ஆச்சு."

சலேஹா மேடம் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷம். முழு முகம் தெரியுற மாதிரி ஒண்ணுகூட இல்லையா? யாரு எடுத்த படம் இதெல்லாம்?"

எல்லாப் பார்வையும் கேக் பெட்டியோடு நின்ற மோகனராஜ் பக்கம் திரும்பியது. நவமணி அக்கா பதறிப்போய் எழுந்தார்.

"தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம், தங்கமான புள்ள. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மரியாதையாச் சொல்வாரு தெரியுமா? 'அக்கா, போட்டோவுல விழறீங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?'ன்னு!"