பத்துக்கு எவ்வளவு?

ஆபரேஷனுக்கு முன்னால் மனக்குழப்பம் எவ்வளவு என்று கேட்டு அளப்பதுதான் அந்தக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் ஸௌம்யாவின் வேலை. எதிரே பட்டு நெசவாளி தேவேந்திரனும் அவர் மனைவி கமலவேணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆபரேஷன்ல இருக்கிற ஆபத்தெல்லாம் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுமா,” என்றார் தேவேந்திரன்.

“வேற வழி இருக்கான்னு யோசிச்சீங்களா?”

“யோசிக்க இன்னா இருக்குது? நாளைக்கே பண்ணிடுங்க.”

“குழப்பம் பத்துக்கு எவ்வளவு?”

“பூஜ்யம்.”

ஸௌம்யா பேனாவை மூடினாள். “சார், கர்ப்பப்பையை எடுக்கப்போறது உங்களுக்கு இல்லையே?”

அவள் கமலவேணியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கம்மா.”

கமலவேணி நிமிர்ந்தாள். “எனக்கு ஒம்போது. மாத்திரையிலயே சரியாவாதான்னு டாக்டரைக் கேக்கணும்.”

“இத ஊட்லயே சொல்லக் கூடாதா?” என்றார் தேவேந்திரன்.

“நீங்க எங்க கேட்டீங்க? அவசரப்பட்டுக்கினே இருந்தீங்க.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “உனக்கு எதனா ஆயிடுமோன்னு பயம். அதான்.”

ஸௌம்யா இருவரையும் டாக்டரிடம் அழைத்துப்போனாள். கமலவேணி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். முதலில் மாத்திரையிலேயே பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், “இப்ப எவ்வளவு?” என்றாள் ஸௌம்யா.

தேவேந்திரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.