உள்பக்கக் கைப்பிடி

ஊர் கட்டும் கணினி விளையாட்டுக்கு விதவிதமாக வீடுகள் வரைந்து இணையத்தில் போடுவது ஆர்ஹூஸ் நகரத்து டோர்பெனின் பைத்தியம். புது வீட்டை ஆடிப் பார்த்த தோழி ரிக்கே ஹெட்போனில் கத்தினாள்.

“யப்பா, கூரை, புகைபோக்கி எல்லாம் அம்சமா இருக்கு. ஆனா விளையாட்டுல உள்ள போன என் கொல்லன் வெளியவே வரலை. பட்டினி கிடந்தே செத்தான்!”

“நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்ல. போன வீட்லயும் இதே கூத்துதான்.”

“உள்பக்கம் எதுக்குக் கைப்பிடி? வெளிய இருக்கறவங்கதானே வந்து திறக்கணும்?”

ரிக்கே விழுந்து விழுந்து சிரித்தாள். “ஜோக்கடிச்சது போதும், சரி பண்ணு.”

அவன் சிரிக்கவில்லை. கைப்பிடி வைத்து அனுப்பினான். அடுத்த கொல்லன் வெளியே வந்து பட்டறைக்கு ஓடினான்.

“டோர்பென், சாப்பிட வா!” சமையலறையிலிருந்து மனைவி மார்கிட் கூப்பிட்டாள்.

எழுந்தான். சாத்தியிருந்த அறைக் கதவின் முன்னால் போய், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான்.

பன்றிக்கறி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மார்கிட்தான் வந்து கதவைத் திறந்தாள்.

“இந்தக் கதவுக்கு உன் பக்கமும் கைப்பிடி இருக்கு, டோர்பென். நீ ஜெயில்லேருந்து வந்து ஒரு வருஷமாச்சு.”