விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

கண்ணாடி உடைந்திருந்தது.

வேடியம்மா வாசற்படியிலேயே நின்றாள். கையில் விளக்குமாறு தொங்கியது.

கோட்டைக்குள் பழைய சிப்பாய்க் கொட்டடியின் மூன்றாவது அறை. மேற்குச் சுவரில் உச்சியிலிருந்து தோளுயரம்வரை ஒரு விரிசல். அதன் குறுக்கே, இரு முனையிலும் சாந்து வைத்து, ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டு. போன ஆனியில் பொறியாளர் சொல்லி அவள்தான் ஒட்டினாள். சிவப்பு பெயிண்டில் தேதியும் எழுதினாள்.

சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் கொட்டடியை இடித்துவிடலாம். அன்றைக்குப் பேச்சு அதுதான்.

பதினோரு மாதம் உடையவில்லை.

இன்று நண்பகலில் பொறியாளர் வந்து பார்த்து அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார். இன்று உடைந்திருக்கிறது.

உள்ளே போனாள். விரிசலில் நகத்தைச் செருகினாள். நேற்று எவ்வளவு போனதோ, இன்றும் அவ்வளவுதான் போனது.

சுவர் நகர்ந்து உடைத்திருந்தால் விரிசலோடு ஒரே கோடாகப் போயிருக்கும். இது நடுவில் பொடிந்து, எட்டுத் திக்கும் தெறித்திருந்தது. பக்கத்துப் பூச்சில் சுத்தியல் முகம்போல வட்டமாக ஒரு தடம். புது வெள்ளை.

வெளியே புல்டோசர் நின்றது. நேற்று மாலையே வந்துவிட்டது. அதன் நிழலில் காண்ட்ராக்டர் குப்பராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வேடியம்மா, செவுரு நவுந்துடுச்சாமே?"

"செவுரு நின்ன எடத்துலதான் நிக்குதுண்ணா. சுத்திதான் ராத்திரி நடந்திருக்கு."

அவர் சிரித்தார். "அப்போ சுத்தியப் புடிச்சி போலீஸ்ல குடு. இங்க நூறு கார் நிக்கப் போவுது. உனக்கு டோக்கன் கிழிக்கிற வேலை வாங்கித் தர்றேன்."

அவள் விளக்குமாற்றோடு உள்ளே திரும்பினாள்.

கோட்டையில் அரண்மனையைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது. பீரங்கி மேட்டுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. கொட்டடிக்கு அவள் மட்டும்தான். மைசூர் எல்லையைக் காவல் காத்தவர்கள் படுத்த கல்மேடைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் அகலம். புரண்டு படுக்க இடமில்லை. தலைமாட்டில் துப்பாக்கி சாய்த்து வைக்க ஒரு பள்ளம். தினமும் அந்தப் பள்ளங்களைத்தான் கடைசியாகத் துடைப்பாள்.

இன்று துடைத்தாள். சிதறிய கண்ணாடியை மட்டும் பெருக்கவில்லை.

பொறியாளருக்காக வேப்பமரத்தடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தார் குப்பராஜ். ஜீப்பை எதிர்கொள்ள நுழைவாயிலுக்குப் போனார்.

அவள் மேசையைத் தலையில் தூக்கினாள்.

மூன்றாவது அறை. விரிசலுக்கு நேர் கீழே. பிறகு ஒரு நாற்காலி, சுவரை ஒட்டி. பிறகு பானைத் தண்ணீர்.

இரண்டாவது நாற்காலியை நிழலிலிருந்து இழுத்து வெயிலில் விட்டாள்.

பொறியாளர் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மரத்தடியில் உட்கார இடம் தேடினார். அவள் கொட்டடி வாசலில் சொம்போடு நின்றாள்.

நான்கடித் தடிமன் சுவர். உள்ளே வைகாசி இல்லை.

உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார்.

குப்பராஜ் வாசலோடு நின்றுவிட்டார்.

"சார்... வெளிய ஒக்காந்துக்கலாம் சார்."

"இங்கயே நல்லாருக்குய்யா."

கோப்பைத் திறந்தார். அறிக்கை டைப் செய்து தயாராக இருந்தது. பேனாவைத் திறந்து, வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார்.

"...எந்த நேரத்திலும் இடிந்து விழும் நிலையில்..."

நிறுத்தினார்.

தலையைச் சுவரிலிருந்து மெல்ல எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். விரிசல். கண்ணாடி. காலடியில் சிதறல். எழுந்து அந்த வட்டத் தடத்தில் விரல் வைத்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடவும் இல்லை.

"வேற கண்ணாடி இருக்காம்மா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். போன ஆனியில் மிஞ்சிய துண்டு. அதில் சிவப்பில் இன்றைய தேதி. பெயிண்ட் காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மூலையில், ஈரத்துணிக்கு அடியில், சாந்தும் தயாராக இருந்தது.

விரிசலின் குறுக்கே கண்ணாடியை வைத்து அழுத்திப் பிடித்தாள். வாசலைப் பார்த்தாள்.

"குப்பராஜண்ணா, சாந்து வெக்கணும். வந்து ஒரு கை புடிங்க."

அவர் சுவரைப் பார்த்தார். இன்று விழும், நாளை விழும் என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் சொன்னவர்.

"பயப்படாதீங்கண்ணா. ராத்திரி வந்த எடந்தான்."

பொறியாளர் திரும்பினார். இப்போது அவரும் வாசலைப் பார்த்தார்.

குப்பராஜ் படியைத் தாண்டவில்லை. பின்வாங்கவும் இல்லை.

கண்ணாடியைப் பிடித்த அவள் கை ஆடவே இல்லை.