பச்சை விழுந்தாச்சு!

"பச்சை விழுந்தாச்சு, கிளம்பு!" என்றார் டிரைவர், காமிராவுக்குப் பின்னாலிருந்து.

இருபது வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டிலும் ரோட்டு பாஷைதான்.

மேசைக்குப் பின்னால் நின்ற மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுக்கொண்டாள். "வணக்கம். இன்று நாம்... இஸ்திரிப் பெட்டியை... பாதுகாப்பாக..." என்று வார்த்தைக்கு வார்த்தை தடுக்கினாள்.

டிரைவர் பொத்தானை அழுத்தினார். "நிறுத்திட்டேன். ஏம்மா, நீ இஸ்திரி போடப் போறியா, இல்ல உன்னையே இஸ்திரி போட்டு நிறுத்தியிருக்கா?"

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? வீட்டுக் கருவிகளைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். ஏதாவது ஒரு கருவியை விளக்கி ஐந்து நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணி வரைதான் கெடு. ஏற்கெனவே இரண்டு நேர்முகத் தேர்வுகளில் வாயே திறக்காமல் திரும்பி வந்தவள். இதுவும் போனால் இனி எங்கேயும் மனுப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"அந்தக் காமிராக் கையேட்டைக் கொஞ்சம் படிச்சுட்டு எடுங்களேன்."

"விளக்கைப் பாத்து வண்டி ஓட்டறவனுக்குக் கையேடு எதுக்கு? நீயே வெச்சுக்க." அவர் பொத்தானை அழுத்தினார். "ரெண்டாவது ட்ரிப்... பச்சை! கிளம்பு!"

இந்த முறை தடங்கல் இல்லை. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. முடித்ததும் அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"பரவாயில்ல, ஓடிருச்சு," என்றவர் சட்டென்று பதறினார். "அய்யய்யோ! உன் முகம் புகை மூட்டமாயிடுச்சு! பின்னாடி காலண்டர் மட்டும் பளிச்சுனு இருக்கு. நேத்து வாங்கினது, அதுக்குள்ள ரிப்பேரா?"

"என்னத்தைத் திருகினீங்க?"

"எதையும் திருகலையே. இந்த வளையத்தைத்தான் லேசா..."

"அதுக்குப் பேர்தான் திருகறது."

அவள் ஓடி வந்திருப்பாள். ஆனால் காலடியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தாள். டேப் வைத்து அளந்த தூரம். நகர்ந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

"இங்கேருந்தே சொல்றேன், கேளுங்க. பஸ் கண்ணாடியில ஒரு பூச்சி ஒட்டியிருக்கு. நீங்க பூச்சியைப் பாத்தா?"

"ரோடு மங்கிடும். எவன் மேலயாவது ஏத்திடுவேன்."

"ரோட்டைப் பாத்தா?"

"பூச்சி சரியாத் தெரியாது."

"அவ்வளவுதான் ஃபோகஸ். உங்க கண்ணு தானா செய்யறதை இங்க கையால செய்யணும். இப்ப காமிரா தூரத்துல இருக்கற காலண்டரைப் பாக்குது. அதுதான் ரோடு."

"அப்ப நீ?"

"நான் பூச்சி!" அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வளையத்தை அந்தப் பக்கம் திருப்புங்க. மெதுவா! ஸ்டியரிங் மாதிரி ஒடிக்காதீங்க."

"வருது... வருது... மூக்கு வந்தாச்சு. அடேயப்பா! மூக்கு நுனியில சாக்பீஸ் தூள்கூடத் தெரியுது! இமை முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம் போலிருக்கே!"

"எண்ணினது போதும். இப்ப ரோட்டுக்குப் போயிட்டு மறுபடி பூச்சிக்கு வாங்க. மூணு தடவை செஞ்சாத்தான் கைக்குப் பழகும்."

அவர் போனார், வந்தார். மூன்றாவது முறை தவறாமல் வந்ததும் இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டார்கள்.

"இவ்வளவு அழகா சொல்லித்தர்றியே, இதைக் காமிரா முன்னாடி செஞ்சா என்னவாம்?"

"காமிரா ஓடினா எனக்கு நாக்கு ஓட மாட்டேங்குதே. என்ன செய்ய?"

"சரி, கடைசி ட்ரிப்." பொத்தானை அழுத்தினார். "பச்சை!"

மூன்றாவது முறை அவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவர் பொத்தானை அழுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, காமிராவையே அணைத்தார்.

மணி நாலே முக்கால். கணினியில் மூன்று வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன.

"மூணு தடவை எடுத்தோம், மூணு இருக்கு. கணக்கு சரி," என்றார் டிரைவர். "போட்டுப் பாத்துடலாமா?"

"வேண்டவே வேண்டாம். என் குரலை நானே கேட்டா அனுப்பவே மாட்டேன். ரெண்டாவதுதான் சுமார்." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. வகுப்பின் தலைமை ஆசிரியை.

"திங்கக்கிழமையே வந்து சேந்துடுங்க. நாப்பது பேர் அனுப்பியிருந்தாங்க. நாங்க சிரிச்சுச் சிரிச்சுப் பாத்தது உங்க பாடத்தைத்தான்."

"சிரிச்சா... இஸ்திரிப் பெட்டியில சிரிக்க என்ன இருக்கு மேடம்?"

"இஸ்திரிப் பெட்டியா? மேசை மேல சும்மா உக்காந்திருந்துச்சே, அதையா சொல்றீங்க? நான் சொல்றது அந்தப் பூச்சி, ரோடு! மங்கலா இருந்த உங்க முகம் தெளிவாகி வந்துச்சு பாருங்க, எனக்கே அன்னிக்குத்தான் ஃபோகஸ்னா என்னன்னு புரிஞ்சுது. ஒண்ணுமே தெரியாத மாதிரி குரல் குடுத்தாரே ஒருத்தர், அவரை எங்க பிடிச்சீங்க? என்னமா நடிக்கிறார்!"

தொலைபேசியை வைத்தவள் அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்தாள். ஒன்பதாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'பச்சை விளக்கு: தயார் நிலை. சிவப்பு விளக்கு: பதிவாகிறது.'

"ஏங்க," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "காமிராவுல சிவப்பு எரிஞ்சா என்னன்னு நினைச்சீங்க?"

"இது ஒரு கேள்வியா?" என்றார் டிரைவர், ஷூ லேஸைக் கட்டியபடியே. "சிவப்பு எரிஞ்சா நின்னுடுச்சுன்னு அர்த்தம். இருபது வருஷமா நானும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்!"